எந்த வியூவில் ஓட்டினேன்

சீனப் புத்தாண்டுக்கு நாங்கள், தீபாவளிக்கு அவர்கள். எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. புத்தாண்டுக்குச் சீனர்கள் எல்லாரும் குடும்பத்தோடு விருந்துக்குப் போய்விடுவார்கள். கணினி அறையைப் பார்த்துக்கொள்ளத் தமிழர்களும் மலாய்க்காரர்களும் முறை வைத்து வருவோம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அவர்கள் எங்களுக்காக வந்து உட்காருவார்கள். நான் கத்தோலிக்கக் குடும்பம், எனக்கு ஏது தீபாவளி என்று எத்தனை தடவை சொன்னாலும் பட்டியல் போடுகிறவரின் காதில் ஏறாது. தமிழ்ப் பெண்ணா, தீபாவளிக்கு லீவு, சீனப் புத்தாண்டுக்கு டியூட்டி, முடிந்தது கதை. நானும் இரண்டு வருடம் கத்திப் பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பூரில் காலாங் பக்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் தொழிற்சாலைக் கட்டடத்தில் நாலாவது மாடியில் எனக்கு வேலை. கீழே மூன்று மாடிகளிலும் பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துச் சிப்புகளுக்குக் கம்பி ஒட்டுவார்கள். அதெல்லாம் வேறு நாட்டில் யாரோ வரைந்த சிப். மேலே நாங்கள் எட்டுப் பேர். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும் சிப் வரையத் தெரியுமா என்று பார்ப்பதற்காகத் தலைமையகம் போட்ட சோதனைக் குழு. எங்களுக்கு ஒரே ஒரு சிப்பைக் கொடுத்திருந்தார்கள்.

அந்த எட்டுப் பேரில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பாஸில் வந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வந்த முதல் நாளே என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. யாருக்கு யார் தங்கச்சி? பதிலுக்கு வேண்டுமென்றே இழுத்து 'அண்ணே' என்றேன். ஒரு மாதத்தில் கேலி போய்விட்டது, அண்ணன் நின்றுவிட்டார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஊரில் அரசாங்க வேலையில் இருந்தவர், அதை ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தார். முதல் இரண்டு வருடம், தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில், நாலு ஆண்களோடு ஒரே அறையில் கிடந்தார். பிறகு அதே தெருவில் தனி அறை பிடித்து மனைவியையும் மகளையும் வரவழைத்தார். மகளுக்கு அந்த ஜனவரியில்தான் முதல் வகுப்பில் இடம் கிடைத்தது. பள்ளிக்கு மனு எழுதிக் கொடுத்தவள் நான். அவருடைய பாஸ் ஜூலையோடு முடிகிறது. மேனேஜர் அவரிடம் நேராகவே சொல்லிவிட்டார்: சிப் வேலை செய்தால் பாஸை நீட்டிக்கிறோம், செய்யாவிட்டால் பார்க்கலாம். அந்தப் 'பார்க்கலாம்' எதற்கு என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

"இது ஒண்ணு நல்லபடியா வந்துட்டா போதும் தங்கச்சி," என்பார் சாப்பாட்டு நேரத்தில். "அங்க திரும்பிப் போனா எனக்கு உக்கார நாற்காலி இல்ல. அதிகாரி மூஞ்சிக்கு நேரா ராஜினாமாவ நீட்டிட்டு வந்தவன் நான்."

"வரும்ணே, சும்மா புலம்பாதீங்க லா," என்பேன்.

சிப் என்னவென்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் நான் செய்தது புரியாது. தொலைபேசிக்குள் வைக்கிற சிப் அது. அதில் பாதி குரலைக் கவனிக்கும், மறுபாதி எண்களைக் கவனிக்கும். சிப்பைச் செய்வதற்கு முன்பே கணினியில் அதை ஓட்டிப் பார்க்க சிமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு. எண் பாதிக்கான சிமுலேட்டர் மகா வேகம். அதற்குத் தெரிந்தது இரண்டே இரண்டு, ஒன்று அல்லது பூஜ்யம். குரல் பாதிக்கான சிமுலேட்டரோ ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் எத்தனை வோல்ட் என்று கணத்துக்குக் கணம் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒன்றாக ஓட்டுகிற ஏற்பாடு அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. அதைக் கட்டி மேய்ப்பது என் வேலை.

சிப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் அதில் பல வடிவங்கள் இருக்கும். வியூ என்போம். ஒரே பகுதி ஒரு வியூவில் டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக வரைந்த நிஜ சர்க்யூட்டாக இருக்கும். இன்னொரு வியூவில், இது இன்ன வேலை செய்யும் என்று நாலு வரியில் எழுதிய விவரிப்பாக இருக்கும். சமையல் குறிப்பைப் படிப்பதற்கும் அடுப்பில் குழம்பு வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். விவரிப்பைப் போட்டால் நிமிடத்தில் தாண்டிப் போகும். சர்க்யூட்டைப் போட்டால் நாள்கணக்கில் இழுக்கும். எல்லாவற்றையும் சர்க்யூட்டாகப் போட்டு ஓட்ட எங்கள் இயந்திரத்துக்குத் தெம்பு கிடையாது. அதனால் எந்தப் பகுதியை எந்த வியூவில் ஓட்டுவது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டியல் எழுத வேண்டும். அதை எழுதுவதும் நான்தான்.

அண்ணன் வரைந்த பகுதிகளில் ஒன்று, மொத்தச் சிப்புக்கும் அளவுகோலாக ஒரு நிலையான வோல்ட்டைக் கொடுப்பது. அந்த மாதிரி சர்க்யூட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சரியான அளவிலும் அசையாமல் நிற்கும், பூஜ்யத்திலும் அசையாமல் தூங்கும். மின்சாரம் வந்ததும் அதைத் தட்டி எழுப்ப ஒரு சின்ன துணைச் சர்க்யூட் வைக்க வேண்டும். அண்ணன் வைத்திருந்தார். தனியாக ஓட்டியபோது எழுந்தது. ஆனால் தொலைபேசிக் கம்பியில் மின்சாரம் சட்டென்று வராது, மெல்ல மெல்லத்தான் ஏறும். அதிலும் எண் பாதி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். அப்போதும் எழுமா என்பதுதான் அண்ணனின் பயம்.

அதே பகுதிக்கு விவரிப்பு எழுதியவள் நான். மின்சாரம் இருந்தால் இத்தனை வோல்ட் வரும் என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான். நான் எழுதியதில் அது தூங்கவே தூங்காது.

"ஒரே ஒரு தடவ என் நிஜ சர்க்யூட்டப் போட்டு முழுசா ஓட்டிக் குடும்மா," என்று டிசம்பரிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு இயந்திரம் நாலு நாள் முழுசாக வேண்டும். யார் கொடுப்பார்கள்? ஆளாளுக்கு இயந்திரத்துக்கு அடித்துக்கொண்டிருந்த நேரம். கடைசியில் சீனப் புத்தாண்டுதான் வழிவிட்டது. வார இறுதியையும் சேர்த்து நாலு நாள் விடுமுறை, யாரும் வர மாட்டார்கள். முதல் இரண்டு நாள் அண்ணன் டியூட்டி, அடுத்த இரண்டு நாள் நான். பட்டியலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நான்தான் எழுதினேன். அவர் பகுதிக்கு நேரே 'சர்க்யூட்' என்று தட்டியபோது, அவர் சாமி கும்பிடுகிற மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். "நின்னுடுச்சுன்னா எனக்கு ஒரு வார்த்த சொல்லிடு. கீழ்க் கடையில போன் இருக்கு, கூப்புட்டா வந்துருவேன்," என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. திரையில் எனக்கு நன்றாகப் பழகிய செய்தி, கணக்கு ஒரு விடைக்கு வந்து சேரவில்லை என்று. எந்த இடத்தில் என்றும் காட்டியது. அண்ணனின் பகுதி, மின்சாரம் மெல்ல ஏறிக்கொண்டிருக்கிற கட்டம். அந்தச் சிமுலேட்டர் அப்படி நிற்பது புதிதல்ல. ஒன்றுமில்லாததற்கெல்லாம் முரண்டு பிடிக்கும். ஏதாவது ஒரு எண்ணை இம்மி மாற்றிவிட்டால் மறுபடி ஓடும். நான் மாற்றினேன். அதே இடத்தில் நின்றது. இன்னொன்றை மாற்றினேன். மறுபடியும் அங்கேயே நின்றது. தூங்குவதா எழுவதா என்று அந்தச் சர்க்யூட்டே தவித்துக்கொண்டிருந்தது. அது என்னிடம் வாய்விட்டுச் சொன்ன பதில் அதுதான். எனக்கோ சனியன் பிடித்த மென்பொருள் லீவு நாளில் கழுத்தை அறுக்கிறது என்றுதான் தோன்றியது.

நாலு மணிக்குத் தேக்கா பக்கத்துத் தியேட்டரில் ஒரு தோழியோடு படத்துக்குப் போவதாக இருந்தேன். ஆமாம், படத்துக்கு. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லை என்றோ, அவசரம் என்றோ சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஒரு காரணமும் இல்லை. கட்டடத்தில் ஏர்கானை நிறுத்தியிருந்தார்கள், கணினி அறையைத் தவிர மற்ற இடமெல்லாம் வெந்துகொண்டிருந்தது. கீழே ஒரு காபிக் கடைகூடத் திறந்திருக்கவில்லை. பசி, எரிச்சல், மணி மூன்று. பட்டியலைத் திறந்து, அண்ணனின் பகுதிக்கு நேரே 'சர்க்யூட்' என்று இருந்ததை அழித்துவிட்டு 'விவரிப்பு' என்று தட்டினேன். ஓட்டிவிட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது.

இப்போதைக்கு ஓடி முடியட்டும், புதன்கிழமை அண்ணனிடம் சொல்லிவிட்டு மறுபடி பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். தேக்காவில் இறங்கி, அவர் குடியிருந்த சந்தின் முனையில் நின்றுதான் கச்சாங் பூத்தே வாங்கினேன். காகிதச் சுருளில் சுடச்சுடக் கடலையை வாங்கிக்கொண்டு, அவர் மாடியைப் பார்த்துக்கொண்டே தியேட்டருக்கு நடந்தேன். இரண்டு நிமிட நடை. ஏறிப் போய் 'அண்ணே, நின்னுடுச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பார். அந்தப் படம் என்ன படம் என்பதுகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

புதன்கிழமை காலையில் அலுவலகம் முழுக்க ஆரஞ்சுப் பழ வாசனை. மேனேஜர் ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பழமாக வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் ரன் முடிந்து, வரைபடங்கள் கட்டுக்கட்டாக அச்சாகி இருந்தன. அச்சின் முதல் பக்கத்தில் எந்தப் பகுதி எந்த வியூவில் ஓடியது என்ற பட்டியல் எப்போதும் வரும். அந்த ஒரு பக்கத்தை நான் முந்தின நாளே கிழித்து வீசிவிட்டிருந்தேன். ஏன் கிழித்தேன் என்று கேட்டால், முதலில் அண்ணனிடம் நானே வாயால் சொல்ல வேண்டும், அவராகப் பார்த்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனுஷிக்குத் தனக்குச் சொல்லிக்கொள்ளக் காரணமா கிடைக்காது?

மேனேஜர் வரைபடத்தை விரித்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். கோடு அழகாக ஏறி, நேராக நின்றது. "குட், குட்! வெரி நைஸ் லா," என்று என் தோளில் தட்டினார். அண்ணன் கூட்டத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

"என் சர்க்யூட்டோடதானே தங்கச்சி? நடுவுல எங்கயும் நிக்கலையே?"

தமிழில்தான் கேட்டார். அங்கே இருந்த வேறு ஒருவருக்கும் அது புரியாது. 'இல்லண்ணே, அப்புறம் சொல்றேன்' என்று நான் தமிழிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. மானம் போயிருக்காது, வேலை போயிருக்காது. அவ்வளவு சௌகரியத்தைக் கடவுள் கையில் வைத்துக் கொடுத்திருந்தார்.

"ஆமாண்ணே, உங்க சர்க்யூட்டுதான்," என்றேன்.

அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் எழுதப் போவதில்லை. என்னால் முடியாது. அன்று சாயங்காலமே சிப்பின் வரைபட டேப்பை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மே மாதம் சிப் வந்தது. சோதனை மேசையில் சுவிட்சைத் தட்டினால் வேலை செய்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு தொலைபேசிக் கம்பியில் மாட்டினார்கள். செத்தது செத்ததுதான். இன்னொன்றை மாட்டினார்கள், அதுவும் அப்படியே. பெட்டியில் இருந்த அத்தனையையும் மாட்டிப் பார்த்துவிட்டார்கள். அரை நாளில் இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். மின்சாரம் மெல்ல ஏறும்போது அந்த அளவுகோல் பகுதி எழவே இல்லை, பூஜ்யத்தில் சுகமாகத் தூங்கியது.

மறுநாள் காலை கூட்டம் போட்டார்கள். எட்டுப் பேரும் இருந்தோம். அண்ணன் மேசையில் கையை ஊன்றி, மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆனால் முழு ரன்னில் இது எழுந்ததே." மேனேஜர் அந்தப் பழைய வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார். "எழுந்ததுதான். அப்படியானால் ரன்னுக்கு நீ கொடுத்த சர்க்யூட் ஒன்று, டேப்பில் அனுப்பியது வேறு ஒன்று. எந்தப் பதிப்பு எது என்றே நீ பார்க்கவில்லை." அண்ணன் இல்லை இல்லை என்று தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் நோட்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு நானே வக்கீலாக வாதாடத் தொடங்கினேன். சர்க்யூட்டில் தப்பு இருந்தது நிஜம்தானே? வரைந்தது அவர்தானே? நான் சொன்னால் மட்டும் செத்த சிப் பிழைத்துவிடுமா? என் வேலையும் போகும், அவ்வளவுதான் லாபம். என் வீடு இருந்த புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வேலைக்கு வருகிற பஸ்ஸில் ஒரு மணி நேரம் இதையே ஓட்டுவேன். பஸ் தேக்காவைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்பேன், என் முறை வருவதற்குள் விலகி வந்துவிடுவேன். சாமியாரிடம் வியூவைப் பற்றி எப்படி விளக்குவது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டுப் பாஸை நீட்டிக்கப் போவதில்லை என்று சொன்னார். மிச்சம் இருக்கிற நாளையும் ரத்து செய்கிறார்களாம், ஜூன் தொடக்கத்திலேயே கிளம்ப வேண்டும். அவர் வெளியே வந்து, தன் மேசையில் உட்கார்ந்து, பென்சில் சீவத் தொடங்கினார். ஒன்றைச் சீவி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். மேசையில் இருந்த அத்தனை பென்சிலையும் சீவினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "மகளுக்குப் பள்ளிக்கூடத்துல அடுத்த வாரம் பரீட்ச. முடிச்சுட்டே கூட்டிட்டுப் போறேன்," என்றார். அதன் பிறகும் சாப்பாட்டு நேரத்தில் எனக்காக இடம் பிடித்து வைப்பார். நான் வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். மேசையைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்தார். ஒரு தாளை நான்காக மடித்து என் முன்னால் வைத்தார். "இத நீயே வச்சுக்க," என்றார். பிரித்தேன். நான் கிழித்து வீசிய முதல் பக்கம். புதிதாக அச்செடுத்தது. அவர் பகுதிக்கு நேரே 'விவரிப்பு' என்று இருந்தது. கீழே நான் ஓட்டிய நாளும் மணியும்.

"எங்கண்ணே கிடைச்சுது?" என்றேன்.

"பேக்கப் டேப்புல இருந்துச்சு. மீட்டிங் நடந்துச்சுல்ல, அன்னிக்கே எடுத்துட்டேன்."

"அன்னிக்கேவா? அப்ப ஏண்ணே காட்டல? மேனேஜர்ட்டக் காட்டியிருக்கலாம்ல?"

"நான் காட்டுனா உன்னக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீ சின்னப் பொண்ணு, பயந்திருப்ப. நாளைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்தேன்மா." காலியாக இருந்த தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். "மூணு வாரம் பாத்தேன்," என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டார். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். கதவைக்கூடத் தட்டவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூன்றாம் நாள் நின்றது, நான் வியூவை மாற்றியது, கிழித்தது, பொய் சொன்னது, எல்லாம். படத்துக்குப் போனதைக்கூடச் சொன்னேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "வொய் யூ நெவர் டெல் மீ?" என்றார். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். சிப் செத்ததும் தலைமையகம் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்ததாம். தப்பு ஆளிடமா, நாங்கள் சோதித்த முறையிலா? முறையில் தப்பு என்றால் முறையைத் திருத்திக்கொண்டு அதே ஆளை வைத்து மறுபடி செய்யலாம். ஆளிடம் தப்பு என்றால் ஆளை அனுப்ப வேண்டும். "அவனை வைத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் ஒரு வாரம் தேடினேன். கிடைக்கவில்லை. ஆள் என்று எழுதி அனுப்பிவிட்டேன்."

"இப்ப எழுதலாமே, சார்? இன்னும் இரண்டு நாள் இருக்கு," என்று கெஞ்சினேன்.

பாஸ் ரத்தாகிவிட்டது, அவருடைய பணியிடத்தையே தலைமையகம் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது என்றார். "மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தத் தாள் என் கையில் இருந்திருந்தால் அவன் இங்கே இருந்திருப்பான்." என்னை வேலையை விட்டு நீக்குங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். நீயும் போய்விட்டால் சிப்பைத் திருத்துவது யார், போய் வேலையைப் பார் என்று கத்தினார். தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு காலை அவர்களுக்கு விமானம். போகாமல் இருந்துவிடலாம் என்று பாதி வழி வரை நினைத்தேன். தேக்காவில் என் கால் தானாக இறங்கிவிட்டது. படியேறிப் போனால் அறை முழுக்க அட்டைப் பெட்டி, சணல் கயிறு. அண்ணி ஸ்டவ்வை இன்னும் கட்டாமல் வைத்திருந்தார். "வா வா, நீ வருவேன்னு மாவு எடுத்து வச்சேன்," என்று தோசைக் கல்லைப் போட்டார். மகள் பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டுதான் விமானத்தில் ஏறுவேன் என்று அழுது அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு எதுவும் தெரியாது என்பது அந்தத் தோசையிலேயே தெரிந்தது.

அண்ணன் என்னை மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அறைக்குள் கேட்காத குரலில் கேட்டார்:

"நேத்து நீ மேனேஜர் ரூமுக்குப் போனதா கீழ நின்னப்ப ஒருத்தன் சொன்னான். சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேண்ணே. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கேள்விக்குள் அவருடைய ராஜினாமா, மகளின் பள்ளிக்கூடம், அவர் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று வாரம் எல்லாம் இருந்தது. நிஜத்தைச் சொன்னால், எனக்காகக் காத்திருந்ததால்தான் தன் வாழ்க்கை போனது என்று இந்த மனுஷன் ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அவருடைய கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதுதான் நிஜம்.

"முன்னாடியே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னு சொன்னாருண்ணே," என்றேன். "தலைமையகத்துல எப்பவோ முடிவு பண்ணிட்டாங்களாம்."

அண்ணன் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்தார்.

"அப்ப சரிம்மா. இந்த மூணு வாரமா உன்ன மனசுக்குள்ள எப்படியெல்லாம் திட்டிட்டேன் தெரியுமா? எம் பொண்ணு சோத்துல மண்ணப் போட்டுட்டியேன்னுகூட நெனச்சேன். பெரிய பாவம். என்ன மன்னிச்சுரு தங்கச்சி."

உள்ளேயிருந்து அண்ணி தோசை ஆறுகிறது என்று கூப்பிட்டார். அண்ணன் எழுந்திருக்காமல் என் பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.

"பரவால்லண்ணே, விடுங்க," என்று சொல்லி நான் அவரை மன்னித்தேன்.